அரைத் திருகு

நேர்மையான ஒரு தொழிலாளியை நான் ஏமாற்றுக்காரனாக்கினேன். போட்டிக்கு வைத்திருந்த ரிவால்வரின் திருகாணியை யாருக்கும் தெரியாமல் தளர்த்தியவன் நான். அந்தப் பழி அவர் மேல் விழுந்தபோது பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தேன் என்பதும் பாதி உண்மைதான். அந்தப் பழியை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நானே. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூருக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் எங்கள் ரைபிள் கிளப் இயங்கியது. மொத்தம் பதினைந்து இருபது பேர் இருப்போம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையின் மேனேஜர்தான் தலைவர். நான் செக்ரடரி. ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் நேராக அங்கே போய்விடுவேன்.

கிளப்புக்கென்று ஒரே ஒரு நல்ல ரிவால்வர் இருந்தது. ஆறு தோட்டா போடுவது, இலக்குப் போட்டிக்கென்றே செய்யப்பட்டது. ஆனால் விரலால் இழுக்கும் விசை கரகரவென்றது. அதைச் சரிசெய்ய மேனேஜர் தன் தொழிற்சாலையின் டூல் ரூமிலிருந்து ஒரு ஃபிட்டரைக் கூட்டிவந்தார். சிட்லபாக்கத்துக்காரர். ஏரிக்குக் கீழே அவர் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கிளப்பில் மற்ற எல்லோரும் ஒருவரை ஒருவர் 'மிஸ்டர்' போட்டு அழைத்துக்கொள்வோம். அவரை மட்டும் எல்லோரும் 'ஃபிட்டர்' என்றோம். நான் அவரை நீ என்றேன். அவர் என்னை நீங்க, சார் என்றார்.

முதல் நாளே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. காரணம் இதுதான். பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் வெள்ளைத் துண்டின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, ஸ்பிரிங்கின் இழுவிசை எப்படிக் கூடும், எப்படிக் குறையும் என்று நாலு பேர் கேட்க விளக்கினேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது நீங்க போர்டுல எழுதற ஸ்பிரிங் சார். இது வேற. இது எண்ண குடிக்கும், துருப்பிடிக்கும், மொறைக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் என் முதுகில் தட்டி, "லெக்சரர் சார், மார்க் போயிடுச்சு" என்றார். நானும் சிரித்தேன். வீடு போய்ச் சேரும் வரை அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் வேலை செய்த விதத்தை இன்று நினைத்தாலும் கண்ணுக்கு முன் வருகிறது. தோட்டாவை அடிக்கும் சுத்தியும் விசையும் ஒன்றை ஒன்று தாங்கும் இடத்தில் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த நீல மையை மெல்லிசாகப் பூசுவார். சேர்த்து ஒருமுறை அசைத்துப் பிரிப்பார். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். அந்த இடத்தை எண்ணெய்க்கல்லில் ஒரு தேய், இரண்டு தேய். மூன்றாவது தேய்க்க மாட்டார். துடைத்து, பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி கழற்றுவார். மூன்று ஞாயிறு இப்படியே போயின. நாலாவது ஞாயிறு அந்த ரிவால்வரைக் கையில் வாங்கி தோட்டா போடாமல் இழுத்துப் பார்த்தேன். பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பது போல் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை பாராட்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துப்பாக்கியைச் சரிசெய்ய வந்தவர் சுடவும் தொடங்கினார். ஒரு வருடத்துக்குள் கிளப்பில் ரிவால்வர் சுடுவதில் இரண்டே பேர்தான் என்றாகிவிட்டது, அவரும் நானும். மேனேஜரே முன்மொழிந்து அவரை உறுப்பினராக்கினார்.

எங்களுக்குள் பேச்சு எப்போதும் குத்தலாகத்தான் இருந்தது. வெயிலில் குழல் நுனியில் உள்ள முன்குறி பளபளக்காமல் இருக்க, சுடுவதற்கு முன் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி, அந்தப் புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவார்.

"என்ன ஃபிட்டர், ஆரத்தியா? தேங்காய் உடைக்கலையா?" என்பேன்.

"ஒடைக்கலாம் சார். ஒங்க தலை சும்மா கீதா?"

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அது வேடிக்கையாக இல்லை. என் வகுப்பு மாணவன் எவனும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

பிறகு மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒருவரை அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் ஒரே நாளில் சுட வேண்டும். கூடுதல் புள்ளி எடுப்பவர் போகலாம். மேனேஜர் அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "நீ போனா தொழிற்சாலைக்கே பேரு. திரும்பி வந்ததும் டூல் ரூமை உன் பொறுப்புல விட்டுடறேன்." அன்று ஃபிட்டரின் முகத்தில் கண்ட மலர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்தத் தொழிற்சாலையில் டூல் ரூம் என்பது மற்ற எல்லா இயந்திரங்களுக்கும் அளவு சொல்லும் இடம். கை நம்பகமானவர்களை மட்டுமே அங்கே வைப்பார்கள்.

எங்கள் தேர்வுப் போட்டிக்கு முந்தைய ஞாயிறு நான் அவரிடம், "விசையை இன்னும் கொஞ்சம் இளக்கித் தர முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாது சார். மூணு ராத்தல் தாங்கணும்னு ரூல் கீது. அதும் இல்லாம, ஸ்பிரிங்க எறக்கினா சுத்தி மெதுவா வுழும். நம்ம கிளப்பு தோட்டா பழசு. அதோட கேப்பு கல்லு மாதிரி. ஓங்கி அடிச்சாத்தான் வெடிக்கும்."

"என் தோட்டா புதுசு. மௌண்ட் ரோட்டில் தெரிஞ்ச கடையில் வாங்கினது. அதுக்குப் பிரச்சினை இல்லை."

"ரிவால்வர் ஒண்ணுதான சார்? ஒங்க விரலுக்கு ஒண்ணு, என் விரலுக்கு ஒண்ணுன்னா வச்சிருக்கோம்?"

தளர்த்தினால் என் தோட்டா வெடிக்கும், அவர் தோட்டா வெடிக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

போட்டியன்று காலை மேனேஜர் நடுவராக இருந்து விசையை எடை போட்டார். சுத்தியை ஏற்றி, குழல் வானத்தைப் பார்க்கும்படி பிடித்து, விசையில் மூன்று ராத்தல் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவது வழக்கம். சுத்தி விழாமல் இருந்தால் சரி. சரியாக இருந்தது. சீட்டுப் போட்டதில் முதலில் சுட என் பெயர் வந்தது.

ரிவால்வரை வாங்கிக்கொண்டு, கை கழுவுவதாகச் சொல்லிவிட்டுத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். கைப்பிடியின் முன்பக்கம், அடியில், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஒரு சிறு திருகாணி இருக்கும். என்னிடம் ஸ்க்ரூடிரைவர் இல்லை. பென்சில் சீவும் பேனாக்கத்தியின் நுனியைப் பள்ளத்தில் வைத்து அரைத் திருகு தளர்த்தினேன். கத்தி ஒருமுறை வழுக்கிற்று.

சுட்டு முடித்ததும் பழையபடி இறுக்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பிறகு பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் மறக்கவில்லை.

நன்றாகச் சுட்டேன். என் தோட்டாக்கள் எல்லாமே வெடித்தன. ஆனாலும் ஃபிட்டர் வழக்கமாக எடுக்கும் புள்ளிகளுக்கு நாலைந்து குறைவு. மேசைக்கு வந்தபோது அது எனக்குத் தெரிந்தது.

துப்பாக்கியைக் கைமாற்றும்போது எங்கள் கிளப்பில் ஒரு முறை உண்டு. கொடுப்பவர் சிலிண்டரைத் திறந்து காட்டி "காலி" என்பார். வாங்குபவர் "வேறென்ன?" என்று கேட்பார். குறி விலகியிருந்தால், ஏதாவது ஆடினால், கொடுப்பவர் அப்போது சொல்ல வேண்டும். இல்லையென்றால் "ஒன்றுமில்லை" என்பார். அந்த வார்த்தையை நம்பித்தான் அடுத்தவர் துப்பாக்கியைத் தொடுவார்.

நான் சிலிண்டரைத் திறந்து, "காலி" என்றேன்.

"வேறென்ன சார்?"

கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு நிமிடத்தில் இறுக்கிவிடலாம். 'இரு, ஒரு திருகு தளர்ந்திருக்கிற மாதிரி இருக்கு' என்று சொல்லியிருந்தாலும் போதும், யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

காற்றில் கற்பூரம் அணையாமல் இருக்க, அவர் ரிவால்வரைக் கொட்டகை மறைவுக்குக் கொண்டுபோய் முன்குறியைக் கறுப்பாக்கிவிட்டு வந்தார். ஐந்து ஐந்தாகச் சுட வேண்டிய போட்டியில் அவருடைய முதல் ஐந்தில் இரண்டு வெடித்தன. மூன்று வெறும் 'டிக்'கென்ற சத்தத்தோடு நின்றுவிட்டன. அடுத்த ஐந்தில் மூன்று வெடிக்கவில்லை. அவர் ரிவால்வரை மேசை மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கிக் கையை உயர்த்தினார். மேனேஜர் வந்து வெடிக்காத தோட்டாக்களை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கேப்பின் மேல் பள்ளம் ஆழமாக இல்லை, நகம் பட்டதுபோல் இருந்தது. தோட்டா பழுது என்றால் மறுபடி சுடலாம். துப்பாக்கி பழுது என்றால் மறுவாய்ப்பு கிடையாது. எடைக்கல்லைத் தொங்கவிட்டார். கல் தரையை விட்டு எழும் முன்பே சுத்தி விழுந்துவிட்டது.

"யாருய்யா ஸ்பிரிங்கைத் தளர்த்தினது?"

எல்லோரும் ஃபிட்டரைத்தான் பார்த்தார்கள். அந்த ரிவால்வரைத் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

அவர் குனிந்து திருகாணியைப் பார்த்தார். பார்த்த உடனேயே புரிந்துகொண்டார். "சார், இங்க பாருங்க. தலை கீறியிருக்கு. பள்ளம் கிழிஞ்சிருக்கு. என் ஸ்க்ரூடிரைவரு இந்தத் திருகுக்குன்னே தேச்சு வச்சது. நான் திருப்பினா கோடு கூட வுழாது. இது என் கை இல்ல சார்."

"அவசரத்துல பண்ணியிருப்பே."

"என் தோட்டா வெடிக்காதுன்னு தெரிஞ்சவன் நானே தளத்துவேனா சார்?"

"லேசா விசை வேணும்னு பேராசை. வெடிச்சிடும்னு நெனச்சிருப்பே."

"எனக்கு முன்னாடி கைல வச்சிருந்தவரு இங்கதான் நிக்கறாரு. அவரக் கேளுங்க."

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் லெக்சரர்யா. அவருக்கு ஸ்க்ரூ எங்கே இருக்குன்னு கூடத் தெரியாது." சொல்லிவிட்டு, ஒரு மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார். "நீங்க எதாவது தொட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

ஃபிட்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கற்பூரப் பொட்டலத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு நடந்தார். மேனேஜர் பின்னாலிருந்து, "நான் கூட்டிக்கிட்டு வந்தவன், என் மூஞ்சியிலேயே கரியைப் பூசிட்டான்" என்று கத்தினார்.

அன்று மாலையே செக்ரடரி என்ற முறையில் நான் அறிக்கை எழுதினேன். போட்டி விதியை மீறிப் பொறியமைப்பில் கைவைத்ததற்காக உறுப்பினர் நீக்கப்படுகிறார் என்ற வாக்கியத்தை இரண்டு முறை திருத்தி அழகாக்கினேன். அதன் ஒரு பிரதி தொழிற்சாலைக்குப் போயிற்று. அடுத்த வாரம் அவரை டூல் ரூமிலிருந்து எடுத்து, வார்ப்பு ஷெட்டில் பிசிறு தேய்க்கும் வேலைக்குப் போட்டார்கள். அங்கே நாள் முழுக்க இரும்புப் பொடியும் தீப்பொறியும்தான். சக தொழிலாளிகள் அவரைப் பார்த்து, "இன்னா மச்சான், ஸ்க்ரூ டைட்டா கீதா?" என்று கேட்டார்களாம். இதை எனக்கு மேனேஜரே சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

நான் மாநிலப் போட்டிக்குப் போனேன். கடைசியிலிருந்து நாலாவதாக வந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எதிரெதிராக வந்துவிட்டோம். விலகப் பார்த்தேன். அவர் வழியை மறித்தார். அன்றுதான் முதல் முறையாக அவர் வாயிலிருந்து 'சார்' வரவில்லை.

"நீதான்யா."

"மரியாதையாப் பேசு. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்டு. வந்தா அவங்க கைலயும் 'ஒண்ணுமில்லை'ன்னு சொல்லு. நல்லா வருது ஒனக்கு."

ரயில் வந்தது. அவர் ஒரு பெட்டியில் ஏறினார். நான் ஏறாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன். அதன் பிறகு எட்டு வருடம் ஒரே ஊர்ப் பக்கம், ஒரே ரயில் பாதை. என்னைக் கண்டால் அவர் காறித் துப்புவார். நான் கிளப்பில் யார் கேட்டாலும், "அந்த ஆளுக்கு ஆரம்பத்திலிருந்தே கை நீளம்" என்பேன். ஒரு பொய்யோடு நிறுத்தியிருந்தால்கூட அவரை எதிரில் கண்டபோது தலை குனிந்திருப்பேனோ என்னவோ. அவரை வெறுப்பது எனக்குத் தேவையாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ரிவால்வர் மறுபடி கரகரக்கத் தொடங்கியது. கவனிக்க ஆளில்லை. நானே செய்கிறேன் என்றேன். நீல மை, எண்ணெய்க்கல், வெள்ளைத் துண்டு, எல்லாம் அவர் செய்தபடியே செய்தேன். அவர் இரண்டோடு நிறுத்துவார். எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இழுத்துப் பார்த்தபோது அருமையாக இருப்பது போலத் தோன்றியது. அடுத்த ஞாயிறு தோட்டா போட்டு, சுத்தியை ஏற்றி, கையைத் தாழ்த்தினேன். விசையை நான் தொடவே இல்லை. தானாகவே வெடித்தது. குண்டு மேனேஜரின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளிச் சரளையில் பாய்ந்தது.

மேனேஜர் துள்ளி விலகிச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அந்தத் திருட்டு ஃபிட்டர் அன்னைக்கே உள்ளே பாழ் பண்ணிட்டுப் போயிருக்கான்."

எட்டு வருடமாக அந்த இடத்தில் கால் வைக்காதவர் மேல் மறுபடியும் பழி. எல்லோரும் தலையாட்டினார்கள். என் கையில் அந்த ரிவால்வர் இன்னும் சூடாக இருந்தது.

"அவர் இல்லை. தேய்த்தது நான். அன்றைக்குத் தளர்த்தியதும் நான்தான்" என்றேன்.

மேனேஜர் என்னைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "பைத்தியமா உமக்கு? அந்த ஆளை ஷெட்டுக்கு மாத்தினது நான். இப்ப போய் நான் என்னன்னு சொல்றது? விடுங்க சார். முடிஞ்சது முடிஞ்சதாவே இருக்கட்டும்."

நடவடிக்கைப் புத்தகத்தில் என் பழைய அறிக்கைக்குக் குறுக்கே, இது பொய், திருகாணியைத் தளர்த்தியவன் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செக்ரடரி பதவியை விட்டேன். அந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துவிட்டார்கள் என்று கேள்வி.

மறுநாள் மாலை சிட்லபாக்கம் போனேன். அவர் மனைவி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் அந்த வாத்தியாரா? ராத்திரில அவரு கண்ணுல ஒத்தடம் குடுத்துக் குடுத்து என் கை வெந்து போச்சு. இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

உள்ளேயிருந்து ஃபிட்டர் வந்தார். இமைகள் வீங்கி, கண் சிவந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் மன்னிப்பு என்ற வார்த்தையையும் சொன்னேன்.

"தெரிஞ்சதயே சொல்றதுக்கு ரயிலேறி வந்தியா? எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாதவங்க கைல போய் சொல்லு."

"யாரிடம் சொல்லணும்?"

"கம்பெனி கேட்டாண்ட. ஷிஃப்ட் வுடற டைம்ல. எல்லாரும் வருவாங்க. வருவியா?"

"வருகிறேன்."

"வர மாட்டே" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

போனேன். மூன்று மணிச் சங்கு ஊதியதும் இருநூறு பேருக்குக் குறையாமல் வெளியே வந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, வகுப்பில் சொல்வது போல், "ஒரு நிமிஷம்" என்றேன். யாரோ, "யாருப்பா இது, சீட்டுக் கம்பெனியா?" என்றார். சிரித்தார்கள். பிறகு ஒருவழியாகச் சொன்னேன். ஃபிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் டிபன் கேரியரோடு, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

தலை நரைத்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். டூல் ரூம்காரர் என்று பிறகு தெரிந்தது. "எத்தால திருப்பினே?" என்றார்.

"பேனாக்கத்தியால்."

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களாடா? பேனாக்கத்தியாம். அவன் தலையால அடிச்சுக்கினானே, என் கை இல்ல, பள்ளம் கிழிஞ்சிருக்குன்னு. ஒருத்தனாவது போய்ப் பாத்தீங்களா?" சிரிப்பு நின்றது. யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். பொத்தான்கள் தெறித்தன. அந்தப் பெரியவர்தான் கையை விலக்கி, "போய்யா, போயிடு" என்று என்னை ரோட்டுக்குத் தள்ளிவிட்டார்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் மேனேஜரிடம் போனார்கள். ஒரு மாதத்துக்குள் ஃபிட்டரை மறுபடி டூல் ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள். கேள்விப்பட்டதும் வீட்டில் முழங்காலிட்டு ஜெபம் செய்தேன். ஆனால் எட்டு வருடப் பொடியிலும் பொறியிலும் அவர் கண் போயிருந்தது. மைக்ரோமீட்டரின் நுண்ணிய கோடுகளை அவரால் படிக்க முடியவில்லை. அவர் அளந்து செய்த சாமான்கள் அளவு தவறித் திரும்பி வந்தன. நாலு மாதம் பார்த்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடுங்கள் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

இதை எனக்குச் சொன்னவர் அந்தத் தலை நரைத்த பெரியவர். கல்லூரி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கூடவே ஒரு செய்தியும் கொண்டுவந்திருந்தார்.

"வாத்தியாரே, அவன் ஒண்ணு சொல்லச் சொன்னான். 'கேட்டாண்ட வந்து சொன்னே, செரி. அத்தோட போவட்டும். இனிமே எங்க ஊரு பக்கம் காலு வைக்காதே'ன்னான்."

நான் சரி என்றேன்.

என் மகள் திருமணமாகிச் சிட்லபாக்கத்தில்தான் வீடு கட்டினாள். கிரகப்பிரவேச ஜெபத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பேரப் பிள்ளைகளை அவள்தான் ஞாயிறுதோறும் அழைத்துவருவாள். மாப்பிள்ளை வீட்டார் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். கடைசியில் ஒருநாள் அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவர் வீடு அவளுக்கு அடுத்த தெருதானாம், மறுவாரம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்: "அவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சாம்பா. இனிமே நீங்க வரலாமே."

"அந்த அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. வாசல்லதான் உட்கார்ந்திருப்பாங்க."

நான் போகவில்லை.